முன்னால் போகிறவரின் முழங்கால்கள்

பனிச்சரிவில் பலகையில் சறுக்கி ஒருவரையொருவர் முந்தும் ஸ்னோபோர்ட் கிராஸ் பந்தயம் 2006இல்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இத்தாலியின் பர்தோனெக்கியா மலைச்சரிவில் பெண்கள் இறுதிச் சுற்று. ஓடிய நால்வரில் கனடா வீராங்கனைகள் இருவரும் வழியிலேயே விழுந்துவிட்டார்கள். 20 வயது அமெரிக்கர் லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் ஏறத்தாழ மூன்று விநாடி பின்தங்கியிருந்தார். கடைசிக்கு முந்தைய தாவலில் ஜேக்கபெல்லிஸ் பலகையின் விளிம்பைக் கையால் பிடித்து, அதை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். விளிம்பு பனியில் பட, சரிந்து விழுந்தார். எழுவதற்குள் ஃப்ரீடன் கடந்து போய்த் தங்கத்தை வென்றார்.

தற்பெருமையின் தண்டனை என்று உலகம் தீர்ப்பு எழுதியது. எனக்கு அதைவிட, அந்தரத்தில் அவர் உடலுக்கு நேர்ந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. தரையை விட்டு எழும்பிய உடலுக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. கிளம்பும்போது இருந்த கோண உந்தமே, அதாவது சுழற்சியின் உந்துதலே, இறங்கும்வரை இருக்கும். பலகையை ஒரு பக்கம் திருப்பினால், அதை ஈடுகட்ட மேலுடல் மறுபக்கம் திரும்பியே ஆக வேண்டும். இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர நேரம் வேண்டும். இந்தப் பந்தயத்தில் தாழ்வாகத் தாவுவதுதான் வழக்கம் என்பதால், அந்த நேரம் மிகக் குறைவு. பலகை கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் விளிம்பு பனியைக் கவ்விவிடும்.

ஏன் தாழ்வாகத் தாவ வேண்டும்? அந்தரத்தில் இருப்பவரால் வேகத்தை உண்டாக்கவும் முடியாது, திசையை மாற்றவும் முடியாது. மேட்டின் விளிம்பு வரும் கணத்தில் முழங்காலை மடக்கி, அது தூக்கி எறியும் விசையை உள்வாங்கிக்கொள்வார்கள். பாதை நெடுக வரிசையாக வரும் சிறு மேடுகளில் இதே முழங்கால் வேலைதான் வேகத்தையும் தருகிறது. ஊஞ்சலில் நின்றபடி ஆடும் பிள்ளையைப் பாருங்கள்: கீழே வரும்போது நிமிரும், மேலே போனதும் குந்தும். பள்ளத்தில் வளைந்து செல்லும்போது பனி காலை அதிக விசையோடு மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை எதிர்த்துக் காலை நீட்டினால், தசை செய்த வேலை இயக்க ஆற்றலாக மாறுகிறது. முகட்டில் விசை குறைவு; அங்கே மடக்குவதற்கு அதிகம் இழக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேட்டிலும் சிறிது லாபம். சற்றே முன்பின்னாக நீட்டினால் அதுவே நஷ்டம்.

காற்றோ பின்னால் வருகிறவர் பக்கம்தான். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. முன்னால் போகிறவர் அதை முழுதாகத் தாங்க, அவர் நிழலில் ஒதுங்கி வருபவர் குறைந்த தடையில் வேகம் கூடி, கடைசி வளைவுகளில் பக்கவாட்டில் பாய்ந்து கடக்கலாம். முன்னிலையைக் காப்பது அதனால்தான் இவ்வளவு கடினம்.

உலகச் சாம்பியன் பட்டங்களையும் எக்ஸ் கேம்ஸ் தங்கங்களையும் குவித்த ஜேக்கபெல்லிஸுக்கு ஒலிம்பிக் மட்டும் வசப்படவில்லை. 2010இல் அரையிறுதியில் பாதையை விட்டு விலகினார். 2012இல் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவத்தை இழந்தார். 2014இலும் அரையிறுதியோடு சரி. 2018இல் நான்காம் இடம். வெண்கலம் கைநழுவியது நூலிழையில். நீட்டியும் மடக்கியும் பிழைக்க வேண்டிய ஆட்டத்தில், கிழிந்த முழங்காலோடு மீண்டு வந்ததை நான் அவருடைய பெரிய வெற்றியாக மதிக்கிறேன்.

2022இல் சீனாவின் ஜாங்ஜியாகோவில், 36 வயதில், பிரான்சின் க்ளோயி ட்ரெஸ்புவைக் கடைசிவரை முந்தவிடாமல் தங்கம் வென்றார். அந்த பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு அதுவே முதல் தங்கம். மூன்று நாள் கழித்து, 40 வயது நிக் பாம்கார்ட்னரோடு கலப்பு இணைப் பந்தயத்தில் இரண்டாவது தங்கம். அந்தப் பந்தயத்தில் முதலில் ஆண்கள் இறங்குவார்கள். அவர்கள் எல்லைக் கோட்டைத் தொட்ட நேர இடைவெளிப்படியே பெண்களின் தொடக்கக் கதவுகள் திறக்கும்.

அந்த இறுதிச் சுற்றுகளின் காணொளி கிடைத்தால் பாருங்கள். பார்க்கும்போது பதக்கத்தையும் முகத்தையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மேடுகளின் மேல் அவருடைய முழங்கால்களை மட்டும் கவனியுங்கள்.