அசையாத படத்தை அசைப்பது: கீஃபிரேமும் ஒரு கடலூர்ப் புகைப்படமும்

எடிட்டிங் மென்பொருளில் ஒரு புகைப்படத்தை 'ஜூம் பண்ணு', 'பேன் பண்ணு' என்கிறோம். ஆனால் அங்கே கேமரா ஏது? நகர்வது படம்தான். அதைப் பெரிதாக்குகிறோம், பக்கவாட்டில் இழுக்கிறோம். பார்ப்பவருக்கு யாரோ நெருங்கிப் போவதுபோலத் தெரிகிறது. திருப்பாப்புலியூரில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்கிறவருக்கும், இயக்கத்துக்காக ஆவணப்படம் செய்கிற நம் தோழருக்கும் கருவி இதுதான். இதிலென்ன அரசியல் இருக்கு என்று கேட்கலாம். இருக்கு.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு புகைப்படத்தை ஆறு நொடிக்கு வைக்கிறீர்கள். தொடக்கத்தில் அளவு 100, முடிவில் 160 என்று இரண்டு கீஃபிரேம் போடுகிறீர்கள். நொடிக்கு 25 பிரேம் என்றால் மொத்தம் 150. இரண்டை நீங்கள் சொன்னீர்கள். மிச்சம் 148ஐ மெஷினே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். 1920 புள்ளி அகலத் திரைக்குப் படம் 3072 புள்ளியாவது இருக்கணும், இல்லாவிட்டால் மங்கும். இதெல்லாம் எல்லாரும் சொல்லித்தருவதுதான். சொல்லித்தராத கணக்கு ஒன்று உண்டு: 160க்கு வரும்போது படத்தின் பரப்பில் 39 சதவீதம்தான் திரையில் மிஞ்சுகிறது. மீதி 61ஐ வெளியே தள்ளியது யார்?

2004 டிசம்பர் 28. சுனாமி அடித்து இரண்டு நாள் கழித்து, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' அமைப்பின் அந்த ஆண்டுக்கான சிறந்த படமாகத் தேர்வானது. உறவைப் பறிகொடுத்த ஒரு பெண் மணலில் விழுந்து கிடக்கிறார். உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. இறந்தவரின் முழு உடல் படத்தில் இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும்.

இப்போது பழக்க தோஷத்தில் பெண்ணை நோக்கி ஜூம் போடுங்கள். முதலில் காணாமல் போவது அந்தக் கைதான். துக்கம் இருக்கும், செத்தவர் இருக்கமாட்டார். எந்த ஊருக்கும் எந்தப் பேரழிவுக்கும் பொருந்துகிற 'அழும் பெண்' ஒருத்தி கிடைத்துவிடுவாள். பின்னணியில் வயலின் சேர்த்தால் முடிஞ்சுது. விளிம்பில் இருப்பதை வெட்டி மையத்தை வீங்க வைக்கும் இந்த வேலையை மெஷின் தானாகச் செய்யவில்லை. மாறாக, கையிலிருந்து தொடங்கிப் பெண்ணிடம் வாருங்கள்: யாருடைய கை என்ற கேள்வி சில நொடி தொங்கி நிற்கும். பெண்ணிடமிருந்து பின்வாங்கிக் கை தெரியும் இடத்தில் நின்றால் அது இன்னொரு பிரதி.

இந்த உத்திக்குக் கென் பர்ன்ஸ் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990இல் வந்த அவருடைய அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தொடருக்கு வேறு வழியில்லை. 1861-65இல் சினிமாவே கிடையாது. கனடாவின் 'சிட்டி ஆஃப் கோல்டு' (1957) அவருக்கு முன்பே பழைய புகைப்படங்கள்மேல் கேமராவை ஊர விட்டிருந்தது. அங்கே நகர்வு, இல்லாததற்கு ஈடு. 2003இல் ஆப்பிள் அதை ஐமூவியில் பொத்தானாக்கிய பிறகு, தேவை போய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சியது.

ஜூம் நடையுமல்ல. ஒருவர் உண்மையில் நடந்து போனால் பக்கத்தில் இருப்பது வேகமாக விலகும், தூரத்தில் இருப்பது மெதுவாக. புகைப்படத்தில் இந்த ஆழத்தைக் கொண்டுவர, ஆளைத் தனியே வெட்டியெடுத்து, பின்னால் விழும் ஓட்டையை நிரப்பி, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்துவார்கள். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு அதை நிமிஷத்தில் செய்து தருகிறது. ஆனால் அந்தப் பெண்ணை மணலிலிருந்து பிரித்தால், அவருக்குக் கீழே நாம் நிரப்புகிற மணல் கடலூர் மணல் அல்ல. கேமரா நடுங்குவதுபோல 'ஷேக்' சேர்ப்பது இன்னும் மோசம்: அங்கே நிற்காதவர் நின்று நடுங்கியதாகச் சாட்சி சொல்வது. தொலைக்காட்சிச் செய்திகளுக்கு அது கூச்சமில்லை.

நகர்த்தியே ஆகணும் என்றால், எட்டு நொடியில் முதல் மூன்று நொடி முழுப் படமும் அசையாமல் இருக்கட்டும், கை உட்பட. பிறகு 100இலிருந்து 108 வரை போதும், கை சட்டகத்துக்குள் நிற்கிறதா என்று கடைசி பிரேமில் நிறுத்திப் பார்த்துவிட்டு.