இருட்டு அறையில் 30 ஆண்டு!
பிரான்சு ஒயினுக்கு வந்த சோதனை

பிரான்சு நாட்டில் போர்டோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே தயாராகும் சிவப்பு ஒயின் உலகப் புகழ் பெற்றது. அதற்கு ஈடு கிடையாது என்பது பிரெஞ்சுக்காரர்களின் பெருமை.

1976-ம் ஆண்டு அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது!

நிலவறை

நல்ல போர்டோ ஒயினைச் செய்தவுடன் குடிக்க மாட்டார்கள். கருந்திராட்சையின் தோலும் விதையும் சாற்றில் ஊறுவதால், புது ஒயின் துவர்க்கும். நாக்கைப் பிடிக்கும்.

அதனால் முதலில் ஓக் மரப் பீப்பாயில் வைப்பார்கள். பிறகு புட்டியில் அடைத்து, நிலவறைக்குக் கொண்டு போவார்கள். அங்கே வெளிச்சம் படக்கூடாது. வெப்பம் 12, 13 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும்.

புட்டியைப் படுக்க வைப்பார்கள். ஏன் தெரியுமா? நிறுத்தி வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும். காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடும்.

ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பு தணியும். அடியில் வண்டல் படியும். அப்பா வாங்கி வைத்த புட்டியை மகன் திறப்பதும் உண்டு!

விழுங்க மாட்டார்கள்

ருசி பார்ப்பவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். கிண்ணத்தைச் சுழற்றி முகர்வார்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி வைத்திருப்பார்கள். பிறகு துப்பிவிடுவார்கள். விழுங்கினால் போதை ஏறும். பத்தாவது கிண்ணத்தின் ருசி தெரியாது!

பாரிசில் போட்டி

1976-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி பாரிஸ் நகர ஓட்டல் ஒன்றில் போட்டி நடந்தது. நடத்தியவர் ஸ்டீவன் ஸ்பரியர். பாரிசில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர்.

சிவப்பு ஒயின்கள் மொத்தம் 10. நான்கு போர்டோவைச் சேர்ந்தவை. ஆறு அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. எது எந்த ஒயின் என்று நடுவர்களுக்குத் தெரியாது. ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் ருசி பார்த்து மார்க் போட்டார்கள்.

முடிவு வந்தது. நடுவர்கள் திடுக்கிட்டார்கள்!

முதல் இடம், கலிபோர்னியாவின் "ஸ்டாக்ஸ் லீப்" 1973-க்கு. போர்டோவின் பெயர் பெற்ற "மூட்டோன் ரோத்ஷீல்டு" 1970-க்கு இரண்டாம் இடம். வித்தியாசம் மிகக் குறைவு. ஆனாலும் தோல்வி தோல்விதானே! ஒரு பெண் நடுவர் தம் மார்க் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

"பொறுத்துப் பாருங்கள்"

பிரான்சு ஒயின் பிரியர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். அமெரிக்க ஒயின் இளசில் ருசிக்கும், பிறகு சோர்ந்துவிடும். போர்டோ ஒயினோ வயது ஏற ஏறச் சிறக்கும். நிலவறையில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்றார்கள்.

30 ஆண்டுகள் ஓடின. 2006-ம் ஆண்டு அதே மே 24-ந் தேதி, லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் மீண்டும் போட்டி. அதே ஆண்டுகளில் விளைந்த, அதே 10 ஒயின்கள்!

முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின. மூட்டோனுக்கு ஆறாவது இடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006-ல் முதலாவதாக வந்தது "ரிட்ஜ் மான்டே பெல்லோ" 1971. அது 1976-ல் ஐந்தாவதாக வந்த ஒயின். 30 ஆண்டு பொறுத்திருந்ததில் அது முதல் இடத்துக்கு ஏறிவிட்டது.

நல்ல ஒயின் இருட்டில் காத்திருந்தால் சிறக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை மெய்ப்பித்தது எதிராளியின் புட்டி!