வேலங்காய் உதிரும் மாதம்

சித்திரை முதல் வாரத்தில் காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிறவருக்குச் சாலையின் இரண்டு பக்கமும் தெரிவது வெந்து கிடக்கும் நிலம்தான். புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வேலியில் பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. இந்தப் பருவத்துக்கு இளவேனில் என்று பெயர் வைத்தவர் வேறு ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். வண்டியை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றால்தான் விஷயம் பிடிபடும். குடை விரித்ததுபோல் நிற்கும் வெள்வேல மரத்தடியில் 'சடசட'வென்று காய் உதிரும். எங்கிருந்தோ ஆடுகள் தலைதெறிக்க ஓடிவரும்.

வெள்வேலங்காய் மெல்லியது, சற்றே வளைந்தது, துருப்பிடித்த இரும்பின் நிறம். மாசியில் முற்றத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் காற்றடித்தால் தானாகவே விழும். விழாததை மேய்ப்பவர் தொரட்டியால் உலுக்கிவிடுவார். தரையில் பசும்புல் இல்லாத மாதங்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் புரதம் இந்தக் காயிலிருந்துதான் கிடைக்கிறது. தீவனக் கடைக்குப் போகாமல் கோடையைக் கடத்த முடிகிறதென்றால் அதற்கு இந்த மரமே காரணம். அதனால்தான் கொங்கு விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தில் இதை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்.

அந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களிலும் கரூரின் மேற்கு ஓரத்திலும் பரவிக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருஷம் என்பார்கள். கிணற்றுப் பாசனம் உள்ள துண்டு தோட்டம். வானம் பார்த்தது காடு. அந்தக் காட்டில் ஒரு பகுதியை உழாமல் விட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, சுற்றிலும் கிளுவை வேலி கட்டி, உள்ளே மறுபடியும் குறுக்கு வேலிகள் போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் மாடு மேயும்போது மற்றவை ஓய்வெடுக்கும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்கள் தேய்ந்துபோன தமிழ்நாட்டில், குடும்பச் சொத்தாகவே மேய்ச்சல் காட்டை வைத்துப் பராமரிக்கும் வழக்கம் இவ்வளவு பரந்த அளவில் வேறெங்கும் இல்லை. சொந்தமாக மாடு வைத்துக்கொள்ளாதவர்கள் காட்டை வருஷக் குத்தகைக்கு விடுகிறார்கள்.

கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி இன்னொன்று. மேலே காய்ந்து நின்றாலும் அது செத்த புல் அல்ல. தூர் உயிரோடு இருக்கும். காய்ந்த தாளும் வீணாவதில்லை. நின்றபடியே உலர்ந்த தீவனமாக மாட்டின் வயிற்றுக்குப் போகும்.

ஊருக்குள் கூட்டமாக வீடு கட்டாமல் நிலத்திலேயே குடியிருப்பது கொங்கு நாட்டு வழக்கம். அந்த வீடுதான் சாளை. சாளையைச் சுற்றி ஒரு சிறு தோப்பு இருக்கும். வாசலில் வேம்பு, கிணற்று மேட்டில் தென்னை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் கறிவேப்பிலையும், எல்லையில் முருங்கை. மூலனூர்ப் பக்கத்து முருங்கை ஒருமுறை வைத்தால் பல வருஷம் காய்க்கும் மர வகை. கோடைதான் அதற்குச் சந்தைக்காலம். பங்குனி முடிவதற்குள் வேம்பு பூத்துத் தள்ளிவிடும். அதிகாலையில் மரத்தடியில் பழைய சேலையை விரித்து வைத்து, விழுந்த பூவை உலர்த்தி ரசத்துக்கு எடுத்து வைப்பார்கள். அந்தப் பூவுக்குத் தேனீக்களும் போட்டியாளர்கள். தேனீ வந்தால் பஞ்சுருட்டான் வரும்.

பச்சைப் பஞ்சுருட்டான் குருவி கம்பியிலோ பட்ட மரக்கிளையிலோ உட்கார்ந்திருக்கும். பறந்துபோய் ஒரு தேனீயைக் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். உடனே விழுங்காது. தேனீயைக் கிளையில் மாற்றி மாற்றி அடித்து, தேய்த்து, கொடுக்கின் நஞ்சு போன பிறகுதான் உள்ளே தள்ளும். மார்ச் முதல் ஜூன் வரை இதற்குக் கூடு வைக்கும் காலம். மரத்தில் வைக்காது, மண்கரையில் அலகால் குடைந்து, கை முழுக்க உள்ளே போகும் அளவுக்கு வளை தோண்டும். அப்படிப்பட்ட மண்கரைகள் நிறைய உள்ள இடம் இட்டேரி.

இரண்டு காட்டுக்காரர்களின் வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டித்தடம்தான் இட்டேரி. ஆள் பாதை, மாட்டுப் பாதை, மழைக்காலத்தில் ஓடை எல்லாம் அதுவேதான். அதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் இரண்டு பக்கத்தாரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். அதனாலேயே அங்கே யாரும் களை வெட்டுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. கிளுவை இலை உதிர்த்து நிற்கும் இந்த நாட்களிலும் பிரண்டை பச்சையாக அதன்மேல் ஏறிக் கிடக்கும். வேலிப்பருத்தி, கோவைக்கொடி, முசுமுசுக்கை, சூரை முள் என்று அடுக்கடுக்காகப் பின்னிக்கொண்டிருக்கும். கோவைப்பழம் சிவந்தால் கொண்டைக்குருவிக்கு விருந்து. எருக்குப் புதரில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இலையைக் கத்தரித்துக்கொண்டிருக்கும். செம்போத்து அடிவேலியில் தத்தித் தத்தி ஓணானைத் தேடும். வேலியின் அடித்தூரில் முயல் பகல் முழுக்கப் படுத்திருக்கும். கிட்டே கால் வைக்கும் வரை அசையாது. கவுதாரி புதரடியில் இலையைக் கொஞ்சம் ஒதுக்கி முட்டையிடும். காலையிலும் மாலையிலும் அது விட்டு விட்டுக் கத்துவதை வைத்தே இன்ன காட்டில் எத்தனை ஜோடி என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். வேட்டையாடுவது சட்டப்படி குற்றம் என்றாலும் கண்ணி வைப்பது முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

ஊதாத் தேன்சிட்டின் கூட்டை வேலியோரம் பார்த்தும் பார்க்காமல் போகிறவர்களே அதிகம். கிளை நுனியில் ஏதோ குப்பை சிக்கித் தொங்குவதாகத்தான் தெரியும். அருகில் போனால், சிலந்தி வலை நூலால் ஒட்டிய பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், காய்ந்த சருகு என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். பக்கவாட்டில் ஒரு வாசல், அதன்மேல் வெயில் படாமல் ஒரு சிறு தாழ்வாரம். கட்டுவது பெண் குருவி. ஆண் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்.

வேலிக்கு வெளியே, நிழலே இல்லாத வெட்டவெளியில் முட்டையிடும் துணிச்சல் ஆள்காட்டிக்குத்தான். கொங்கில் ஆக்காட்டி. நாட்டுப்புறப் பாட்டில்கூட இடம் பிடித்த பறவை. செந்நிற மூக்கு, மஞ்சள் கால், ஆள் வந்தால் ஊருக்கே சொல்லும் குரல். கூடு என்று எதுவும் கிடையாது. ஓடைக்கல் சிதறிக் கிடக்கும் மேட்டில் லேசான பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், நடுவில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. முட்டையும் கல்லும் ஒரே நிறம் என்பதால் அரை அடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. மாடு அந்தப் பக்கம் வந்தால் இந்தச் சின்னப் பறவை ஓடிப்போவதில்லை. இறக்கையை விரித்து மாட்டின் முகத்துக்கு நேரே நின்று கத்தும். மாடு ஒதுங்கிப் போகும்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது அதன் வேலை இன்னும் கடினம். அந்த நேரத்தில் அடைகாப்பதென்றால் முட்டை வெந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான். தாயும் தந்தையும் மாறி மாறி நின்று நிழல் கொடுக்கும். தண்ணீர்த் தொட்டிக்கோ குட்டைக்கோ போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இப்படியே ஏறக்குறைய நான்கு வாரம். கோடை உழவுக்கு ஏர் பூட்டிய காலத்தில் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, "பாத்து ஓட்டு சாமி, அங்க ஆக்காட்டி முட்டை வெச்சிருக்குது" என்று எச்சரிப்பது சாதாரணம். டிராக்டர் இருக்கையிலிருந்து அந்தக் குச்சி தெரிவதும் தெரியாததும் ஓட்டுபவரின் கண்ணைப் பொறுத்தது. வெளியூர் வாடகை டிராக்டருக்கு அந்தக் கவலை குறைவு.

பனைமரக் காட்சி வேறு மாதிரி. தலை போன மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை குடியேறும் பருவம் இது. உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்புப் பறவை. இறக்கையை விரித்ததும் இரண்டு வகை நீலம். துணையைக் கவர உயரே ஏறி, தலைகீழாகப் பாய்ந்து, பக்கவாட்டில் புரண்டு, கரகரத்த குரலில் கத்திக்கொண்டே இறங்கும். மொட்டைப் பனையை 'எதற்கு அநாவசியமாக நிற்கிறது' என்று செங்கல் சூளைக்கு விற்றுவிட்டால் இந்த வித்தையும் போகும். காய்ப்புப் பனையில் நுங்கு வெட்டு நடக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் எங்கும் நுங்குக் குலைகள்தான்.

கிணற்றுக்குள் தலைநீட்டும் கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காலியாகத் தொங்கும். அவை போன மழைக்காலத்துக் கூடுகள். அவற்றில் சில்லைகள் சில சமயம் வாடகையில்லாமல் குடியிருக்கும்.

வருகிறவர்கள் மட்டும் இல்லை, கிளம்புகிறவர்களும் உண்டு. குளிர்காலம் முழுக்கப் புல்காட்டின்மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் எலியும் பிடித்த பூனைப்பருந்துகள் பங்குனியில் வடக்கே போய்விடும். சோளக்காட்டில் கூட்டம் கூட்டமாக இறங்கிய சோளப்பட்சிகள் சித்திரைக்குள் மத்திய ஆசியாவுக்குத் திரும்புகின்றன. அங்கே அவற்றுக்கு முக்கிய உணவு வெட்டுக்கிளிதான்.

மயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் சாளையில் பேச்சின் தொனி மாறும். முருகனின் வாகனம், 1963 முதல் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சகட்டப் பாதுகாப்பு. ஆனாலும் தக்காளியைக் கொத்துவதும், விதைத்த நிலக்கடலையைக் கிளறி எடுப்பதும் அதுதான். குள்ளநரி குறைந்ததால் முட்டைக்கும் குஞ்சுக்கும் எதிரி இல்லாமல் போனது, சீமைக் கருவேலம் ஒளிவிடம் கொடுத்தது என்று காரணம் சொல்கிறார்கள். கோடையில் தோகை விரித்து ஆடுவதைப் பார்க்க நகரத்திலிருந்து காமிராவோடு வருகிறார்கள். காட்டுக்காரர் விதைப்புக்கு முன்பே பழைய சேலைகளை வரப்பில் கட்டத் தொடங்கிவிடுகிறார். இரண்டு பேரின் நியாயமும் நியாயம்தான். நஷ்டம் மட்டும் ஒருவருக்கு.

இந்தக் காட்டின் நாயகர்கள் மாடுகள். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆகும்போதுதான் சாம்பலுக்கு மாறத் தொடங்கும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கருத்துவிடும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே கூப்பிடுவார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதற்குப் பேர்போனது. குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இன்று அந்த வேலையில் இருக்கிறது. பழையகோட்டை மாட்டுத்தாவணி ஞாயிறுதோறும் கூடுகிறது. அங்கே காங்கயம் இனம் மட்டும்தான்.

பெரிய கூட்டம் சித்திரையில். ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த்திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். காளையின் வாயைப் பிளந்து பல் எண்ணுவார்கள், சுழி பார்ப்பார்கள், கொம்பின் வளைவைத் தடவுவார்கள். விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைகளையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேரம் முடியும். நல்ல ஜோடி லட்சத்தைத் தாண்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, விவசாயத்துக்கு இல்லாவிட்டாலும் ஆசைக்காக வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

மாடு வாங்க ஆள் இருக்கிறது. மேய்க்கக் காடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீர் எட்டிய இடங்களில் கொரங்காடு தென்னந்தோப்பானது. எட்டாத இடங்களில் காற்றாலையும் சூரிய மின்தகடும் வந்தன. மீதியை மனைக்கட்டு விழுங்குகிறது. சத்தமில்லாமல் நடப்பது வேலி மாற்றம். கிளுவையைப் பெயர்த்துவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறார்கள். வேலி ஓரடி அகலத்துக்குச் சுருங்கி, இட்டேரி சுத்தமாகி, நிலம் கொஞ்சம் மிச்சமாகிறது. தேன்சிட்டும் முயலும் கவுதாரியும் குடியிருந்த இடமும் அந்த மிச்சத்தில்தான் இருந்தது.

கம்பி போடுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. சில ஆண்டுகளாகத் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்து போராடியிருக்கிறார்கள். இலையுதிர்ந்த கிளுவை நாயைத் தடுக்காது. அதனால் வேலியை எடுக்காமல், அதை ஒட்டி உள்பக்கம் கம்பி வலை அடிப்பதுதான் புத்திசாலித்தனமான வழி. சிலர் அப்படியே செய்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடும்.

ஒரு நல்ல கோடை மழை விழுந்தால் காட்சி மாறிவிடும். அன்று இரவே விளக்கைச் சுற்றி ஈசல். நாலைந்து நாளில் கொழுக்கட்டைத் தூரில் பச்சை எட்டிப் பார்க்கும். மொட்டையாக நின்ற கிளுவை துளிர்க்கும். வேலியில் எங்கே ஓட்டை, எங்கே பட்டுப்போனது என்பது அப்போது தெளிவாகத் தெரியும் என்பதால் காட்டுக்காரர் ஒரு சுற்று நடந்து குறித்துக்கொள்வார். அடுத்த மழைக்குள் அந்த இடங்களில் போத்து நட வேண்டும். கிளுவைப் போத்தை நாற்றுப்பண்ணையில் வாங்க வேண்டியதில்லை. கையளவு தடிமனில் நல்ல குச்சியாகப் பக்கத்து வேலியிலிருந்து வெட்டி, ஈர மண்ணில் ஊன்றினால் போதும். பக்கத்துக் காட்டுக்காரர் கம்பிக்கு மாறிவிட்டிருந்தால் மட்டும், இட்டேரி வழியாக இன்னும் கொஞ்ச தூரம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.