கடைசி பாஸ் யாருக்கு?

கோடைக்கானல் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஒரே ஒரு பாஸ் மீதமிருக்க, இருவர் ஒரே நொடியில் கிளிக் செய்தால்?

இத்தகைய புரோகிராம்களில் நாங்கள் ஹைபர்நேட் போன்ற ஓ.ஆர்.எம். லைப்ரரியைப் பயன்படுத்துகிறோம். இது புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். இதன் செஷன், மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். டிரான்ஸாக்‌ஷன் 'கமிட்' ஆனால்தான் அவை நிலைக்கும். எண்ணிக்கையைக் கூட்டுவதும் பாஸைப் பதிவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன். ஒன்று தவறினால் இரண்டுமே ரத்து. எண்ணிக்கை ரெக்கார்டை முதலிலேயே 'லாக்' செய்துவிட்டால் இரண்டாமவர் காத்திருப்பார். அவருக்கு இடமில்லை என்ற பதில் வரும்.

கமிட் ஆன பிறகு இணைப்பு அறுந்தால் பதில் உங்களுக்கு வராது. எனவே மறுபடி கிளிக் செய்யுமுன், பாஸ் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள்.