பங்கு ஆய்வாளர் சொல் நம்பத் தக்கதா?

அண்மையில் தணிக்கைக்காக நெசவாளர் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். உறுப்பினர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "ஐயா, இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கலாம் என்று ஆய்வாளர் சொல்கிறார். மகள் படிப்புக்குச் சேர்த்த பணம் இருக்கிறது. போடலாமா?" என்று கேட்டார். இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே விடையை இங்கு விளக்க விழைகிறோம்.

பங்கு ஆய்வாளர் என்போர் கம்பெனிகளின் கணக்குகளைப் படித்து, "வாங்குக", "வைத்துக்கொள்க", "விற்க" எனப் பரிந்துரை வழங்குவோர். அவர்தம் அறிவும் உழைப்பும் மெய்யே. ஆயினும் அவருக்கு ஊதியம் தருபவர் யார் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்வதைக் கேட்கிறோம். அவர் விற்பவரிடமும் தரகு பெறுபவர் என்பதை நாம் மறப்பதில்லை அல்லவா?

அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் காண்போம். எரிசக்தி வணிகத்தில் ஓங்கி நின்ற என்ரான் கம்பெனியின் பங்கு, 2000 ஆகஸ்டில் சுமார் 90 டாலர் விலை பெற்றது. 2001 அக்டோபரில் பெரு நஷ்டம் வெளிப்பட்ட பின்னரும் ஆய்வாளருள் பெரும்பாலோர் "வாங்குக" என்றே கூறி வந்தனர். நவம்பர் இறுதியில் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கிற்று. டிசம்பர் 2ஆம் நாள் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. ஓய்வுக்காலச் சேமிப்பை அப்பங்கிலேயே வைத்திருந்த ஊழியர் பலர் அதனை இழந்தனர்.

இதற்குக் காரணம் யாது? ஆய்வாளரை அமர்த்திய நிறுவனங்களே கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டித் தந்து கட்டணம் பெற்றன. "விற்க" என எழுதினால் அவ்வருவாய் கைவிட்டுப் போகும். ஆய்வாளர் சிலர் வெளியே புகழ்ந்த இணையக் கம்பெனிப் பங்குகளைத் தமக்குள் இகழ்ந்து எழுதிய மின்னஞ்சல்கள், நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சரின் விசாரணையால் 2002இல் வெளிவந்தன. 2003இல் பத்து நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன.

நம் நாட்டில் செபி வாரியம் 2014இல் விதிகள் வகுத்தது. அவற்றின்படி ஆய்வாளர் பதிவு பெறுதல் வேண்டும். தாம் ஆராயும் கம்பெனியில் தமக்குப் பண ஆதாயம் உண்டா என்பதை அறிக்கையிலேயே தெரிவித்தல் வேண்டும்.

ஆகவே உறுப்பினர்கள் மூன்றனைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, பதிவு எண் இல்லாதவர் சொல்லைத் தள்ளுக. இரண்டாவது, அறிக்கையின் கடைசியில் சிறிய எழுத்தில் உள்ள ஆதாய விவரத்தை முதலில் படிக்க. மூன்றாவது, முடிவை விட்டுக் காரணங்களைக் கொள்க: கடன் எவ்வளவு, இலாபம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை அறிக்கையிலிருந்து அறிதல் பயன் தரும்.

எவ்வளவு நேர்மையான ஆய்வாளரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நமக்குப் பணம் எந்த மாதம் தேவை என்பதே அது. அவ்வுறுப்பினரிடம், "கல்லூரிக் கட்டணம் எப்போது?" என்று மட்டும் கேட்டோம். "வருகிற ஜூனில்" என்றார். ஆய்வாளர் சொல் மெய்யாயினும், ஜூனில் கட்ட வேண்டிய பணம் பங்கில் இருக்கத் தக்கதன்று என்றோம். அவர் கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு தறிக்குத் திரும்பினார்.