சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் - பழசா, புதுசா? காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரோடு போட வேண்டும், தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும், பஸ் விட வேண்டும், வரி வசூலிக்க வேண்டும். மேயர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நகரத்தையே நடத்த வைக்கும் கம்ப்யூட்டர் கேம்தான் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. இதில் முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டுமே இப்போது விற்பனையில் இருக்கின்றன.

"புதுசு இருக்கும்போது பழசை எதுக்கு வாங்கணும்?" என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் இந்த கேம் விஷயத்தில் கதை கொஞ்சம் வேறு.

பழைய கேம் எப்படி ஹிட் ஆனது?

2013 மார்ச்சில் புகழ்பெற்ற 'சிம்சிட்டி' வரிசையின் புதிய பதிப்பு வந்தது. தனியாக விளையாடவும் இன்டர்நெட் கட்டாயம். முதல் நாட்களிலேயே சர்வர்கள் திணறின. நகரம் கட்டக் கிடைத்த இடமும் சின்னது. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள்.

அந்தக் காலி இடத்தைத்தான் 2015 மார்ச் 10-ல் வெளியான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் பிடித்தது. உருவாக்கியது பின்லாந்தின் தம்பேரே நகரில் உள்ள கொலோசல் ஆர்டர் என்ற மிகச் சிறிய நிறுவனம். வெளியிட்டது சுவீடனின் பாரடாக்ஸ். 2022-க்குள் 1.2 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது.

இரண்டாம் பாகத்தில் என்ன பிரச்னை?

2023 அக்டோபர் 24-ல் இரண்டாம் பாகம் வந்தது. வேகம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று வெளியீட்டுக்கு முன்பே கொலோசல் ஆர்டர் ஒப்புக்கொண்டது. வெளியான பிறகு, விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களிலும் கேம் தடுமாறியது.

காரணங்களில் ஒன்று வேடிக்கையானது. தூரத்தில் எறும்பு மாதிரி தெரியும் மனிதர்களுக்குக்கூட, வாய்க்குள் பல் வரை விவரமாக வடிவமைப்பு இருந்தது. தள்ளிப்போனால் எளிமையான உருவத்துக்கு மாறும் வழக்கமான ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. கண்ணுக்கே தெரியாத பற்களுக்காக கிராபிக்ஸ் கார்டு உழைத்துக்கொண்டிருந்தது.

2024 மார்ச்சில் 'பீச் பிராப்பர்ட்டீஸ்' என்ற கட்டணக் கூடுதல் தொகுப்பு வந்தது. அடிப்படைக் கோளாறே சரியாகாத நேரத்தில் இதற்குக் காசா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தொகுப்பு இலவசமானது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது.

2024 ஜூனில் பொருளாதார அமைப்பு மாற்றி எழுதப்பட்டது. அதுவரை நகரம் எவ்வளவு நஷ்டத்தில் போனாலும் அரசு மானியம் தாங்கிப் பிடித்தது. தோற்கவே முடியாத ஆட்டத்தில் என்ன சுவாரஸ்யம்? மானியம் நீக்கப்பட்டது. வேகமும் படிப்படியாக முன்னேறியது.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இடம்: பழசில் மாட் இல்லாமல் வழக்கமாக 9 கட்டங்கள், அதாவது சுமார் 33 சதுர கி.மீ. புதுசில் 441 சிறு கட்டங்கள், மொத்தம் சுமார் 159 சதுர கி.மீ.

டிராபிக்: பழசில் கார்கள் ஒரே லேனில் வரிசை கட்டி நிற்கும், பக்கத்து லேன் காலியாகக் கிடக்கும். பார்க்கிங் இல்லையென்றால் கார் அப்படியே மறைந்துவிடும். புதுசில் நேரம், செலவு, வசதி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வொருவரும் வழியைத் தேர்வு செய்வார்கள். பார்க்கிங் இல்லையென்றால் அது உங்கள் தலைவலி.

மக்கள் தொகை: பழசில் ஒரே நேரத்தில் 65,536 பேர்தான் நடமாட முடியும். ஊரில் 3 லட்சம் பேர் இருந்தாலும் தெருவில் இறங்குவோர் எண்ணிக்கை அதைத் தாண்டாது. புதுசில் இப்படிக் கட்டாய வரம்பு இல்லை. உங்கள் கம்ப்யூட்டர்தான் வரம்பு.

கூடுதல் வசதிகள்: டிராம், பருவநிலை போன்றவை புதுசில் அடிப்படை கேமிலேயே உண்டு. பழசில் இவற்றுக்கு 'ஸ்னோஃபால்' தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். பழசின் அடிப்படை விலை குறைவுதான். ஆனால் எல்லாத் தொகுப்பையும் சேர்த்தால் புதுசின் விலையைத் தாண்டிவிடும். எனவே முதலில் அடிப்படை கேமை மட்டும் வாங்கி, தள்ளுபடி வரும்போது தேவையானதைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

மாட்கள்: பழசின் பெரிய பலம் இதுதான். ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ரசிகர்கள் செய்த கட்டடங்கள், சாலைகள், வாகனங்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. டிராபிக் கோளாறுகளைச் சரிசெய்யவும் மாட் உண்டு. புதுசுக்கான மாட்கள் பாரடாக்ஸின் சொந்தத் தளத்தில் கிடைக்கின்றன. ஆனால் பழசின் பத்தாண்டுச் சேமிப்போடு போட்டிபோட அதற்கு இன்னும் காலம் வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

புதுசுக்குக் குறைந்தபட்சத் தேவை ஐ7-6700கே பிராசசர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு, 60 ஜிபி இடம். இது கேம் திறக்க மட்டும்தான். பரிந்துரைக்கப்படுவது ஐ5-12600கே, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3080. காலேஜுக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பில் இது நடக்காது.

பழசு சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் மாட்களை அளவில்லாமல் சேர்த்தால் அதற்கும் 16 ஜிபி ரேம் பத்தாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கும், பிஎஸ்4, ஸ்விட்ச் போன்றவற்றில் விளையாடுவோருக்கும் யோசிக்கவே தேவையில்லை. அவற்றில் பழசு மட்டுமே உண்டு.

பழைய நகரத்தை புதுசுக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியாது. முதல் பாகத்தில் சேமித்த நகரம் இரண்டாம் பாகத்தில் திறக்காது. மாட்களும் வேலை செய்யாது. வருஷக்கணக்கில் கட்டிய ஊரை விட்டுவிட்டு, வெறும் மண்ணில் மறுபடியும் முதல் ரோட்டைப் போட வேண்டும். பழைய ரசிகர்கள் பலர் தயங்குவது இதனால்தான்.

வாங்கிப் பார்த்துட்டு திருப்பிக் கொடுக்கலாமா?

ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் 2 மணி நேரத்தில் உங்கள் ஊர் ஒரு சின்ன கிராமம்தான். அப்போது கேம் ஜோராக ஓடும். மக்கள் தொகை லட்சத்தைத் தொடும்போதுதான் உண்மையான சுமை தெரியும். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போயிருக்கும்.

அதனால் உங்களிடம் உள்ள அதே கிராபிக்ஸ் கார்டில், ஒரு லட்சம் பேர் வாழும் நகரம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் வீடியோவை முதலில் பாருங்கள். வீடியோ சமீபத்தியதா என்பதையும் கவனியுங்கள். 2023-ல் எடுத்தது இன்றைய நிலையைச் சொல்லாது.

அப்போ எதை வாங்கலாம்?

2025 நவம்பரில் இன்னொரு திருப்பம். கொலோசல் ஆர்டரும் பாரடாக்ஸும் பிரிவதாக அறிவித்தன. 2026 தொடக்கத்திலிருந்து இரண்டாம் பாகத்தின் பொறுப்பு, அதே தம்பேரேவில் உள்ள ஐஸ்ஃப்ளேக் ஸ்டுடியோஸ் கைக்குப் போனது. அதாவது, கேமை உருவாக்கியவர்கள் வேறு, இனி பராமரிப்பவர்கள் வேறு.

சாதாரண லேப்டாப், குறைந்த பட்ஜெட், விதவிதமான மாட்கள் மேல் ஆசை என்றால் பழசு போதும்.   

நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, பெரிய இடத்தில் நிஜமான டிராபிக்கோடு மல்லுக்கட்ட வேண்டும், புதிதாக ஆரம்பிக்கவும் தயார் என்றால் புதுசைப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அடுத்த அப்டேட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். இன்றைக்கு, உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி ஓடுமோ அந்த கேமுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.