தடுப்பு யார் கையில்?

உட்கார்ந்த இடம் – 9

சென்ற வாரம் பார்த்த லார்கின் சோப்பு நிறுவனக் கட்டடம் நினைவிருக்கும். 1906-ல் பஃபலோ நகரில் பிராங்க் லாயிட் ரைட் கட்டியது. அங்கே குமாஸ்தாவின் இருக்கை மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தது. தன் வசதிக்குத் தள்ளிப்போட்டு உட்கார வழியே இல்லை. அந்தப் பிணைப்பை அறுக்க வந்த ஒருவர்தான் இந்த வார நாயகர். பாவம், அவர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

பெயர் ராபர்ட் புரோப்ஸ்ட். மிச்சிகன் மாநிலத்தின் ஹெர்மன் மில்லர் என்ற மேசை, நாற்காலி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர். அடிப்படையில் சிற்பி. அலுவலகத்தில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று உன்னிப்பாகக் கவனித்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே கிடப்பது உடம்புக்கும் ஆகாது, மூளைக்கும் ஆகாது; இழுப்பறைக்குள் போன காகிதம் மறந்தே போகிறது. அவர் கண்டுகொண்டது இதுதான்.

1964-ல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' வந்தது. வடிவமைத்தவர் ஜார்ஜ் நெல்சன். அதில் நின்றபடியே எழுத உயரமான மேசை உண்டு. இன்னொரு மேசைக்கு இழுத்து மூடும் மூடி. மாலையில் காகிதங்களைப் பரப்பியது பரப்பியபடி விட்டு மூடிவிட்டுக் கிளம்பலாம். காலையில் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாராட்டு குவிந்தது. விலைதான் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

1968-ல் இரண்டாவது முயற்சி. எடை குறைந்த தடுப்புப் பலகைகள், அவற்றில் மாட்டிக்கொள்ள அலமாரியும் மேசைப் பலகையும். பலகைகளை 120 பாகையில் விரித்து நிறுத்த வேண்டும் என்பது புரோப்ஸ்ட்டின் எண்ணம். பின்னால் கொஞ்சம் மறைப்பு, முன்னால் தாராளமான திறப்பு. வேலை மாறினால் தடுப்பையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அதை வாங்கியவர் அதற்குள் உட்காரப்போகிறவர் அல்லவே! வாங்கியது நிர்வாகம், நிர்வாகத்துக்குச் சதுர அடிக் கணக்கு. 120 பாகை இடத்தைத் தின்றது. 90 பாகையில் மடக்கினால், அட்டைப்பெட்டியில் லட்டு அடுக்குவதுபோல் ஆட்களை அடுக்கலாம். அப்படிப் பிறந்ததுதான் கியூபிக்கிள். குறைந்த இடத்தில் நிறையப் பேரைத் திணிக்க நினைப்பவர்களுக்கே இது பயன்படும் என்று 1970-லேயே நெல்சன் கடிதம் எழுதி எச்சரித்தார். 2000-ல் மறைந்த புரோப்ஸ்ட், தன் கடைசிக் காலத்தில் இந்தப் பெட்டி அலுவலகங்களைப் பைத்தியக்காரத்தனம் என்றே திட்டினார்.

சரி, தடுப்புதானே தொல்லை, எடுத்துவிடுவோம் என்று கிளம்பியது அடுத்த தலைமுறை. சுவரில்லாவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள், புதுப் புது யோசனைகள் பிறக்கும் என்றார்கள். பேசினார்களா?

ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் அளந்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பெரிய நிறுவனம் தடுப்புகளை அகற்றியபோது, அதற்கு முன்பும் பின்பும் 52 ஊழியர்களின் கழுத்தில் ஒரு கருவியை மாட்டினார்கள். யார் யாரோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதை அது பதியும்; என்ன பேசுகிறார்கள் என்பதைப் பதியாது. 2018-ல் முடிவு வெளியானது. முன்பு ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 5.8 மணி நேரம் நேரில் பேசிக்கொண்டிருந்தார். தடுப்பு போனபின் அது 1.7 மணி நேரம். தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல் 56 சதவீதம் கூடியது. பத்துப் பேர் பார்க்க, பக்கத்து மேசைக்காரரிடம் மனம்விட்டுப் பேச யாருக்கு வரும்? மறைக்கச் சுவர் இல்லை என்றால் மனிதன் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான்.

தடுப்பு வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றமா? இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் செய்து 2010-ல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு வழி காட்டுகிறது. நான்கு விதமான அறைகள். முதலாவது வெறும் அறை. இரண்டாவதில் செடிகளும் படங்களும் அழகாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் அதே செடிகள், அதே படங்கள்; எங்கே வைப்பது என்பது வேலை செய்பவரின் இஷ்டம். நான்காவதிலும் அப்படியே அடுக்கச் சொன்னார்கள். ஆனால் அடுக்கி முடித்ததும் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார்.

வெறும் அறையோடு ஒப்பிட, அலங்கரித்துக் கொடுத்த அறையில் வேலை 17 சதவீதம் கூடியது. தானே அடுக்கிய அறையில் 32 சதவீதம். மனநிறைவும் அங்கேதான் அதிகம். கலைத்துவிட்ட அறையிலோ அந்த லாபமெல்லாம் போயே போயிற்று. செடியும் படமும் அங்கேயும் இருந்தன. உட்கார்ந்தவரின் சொல்லுக்குத்தான் மதிப்பில்லை.

புரோப்ஸ்ட் தோற்றதும் இந்த இடத்தில்தான். நகர்த்தக்கூடிய தடுப்பைச் செய்துவிட்டார். நகர்த்தும் உரிமையை அதோடு சேர்த்து விற்க அவரால் முடியவில்லை. புது அலுவலகத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் நாற்காலியின் விலையை விசாரிப்பதற்கு முன், அதில் உட்காரப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்டால் போதும். செலவில்லாத வேலை.

கேட்காமலே, "யாருக்கும் சொந்த மேசை கிடையாது" என்று 1990-களில் அறிவித்தார் ஒரு விளம்பர நிறுவன முதலாளி. ஊழியர்கள் தங்கள் கோப்புகளைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்த அந்தக் கூத்து, அடுத்த வாரம்.

(தொடரும்)